லிங்கப்பனின் எல்லைக்கல்

மார்டள்ளி லிங்கப்பனை நினைத்தால் எனக்கு முதலில் என் வாயின் மேல்தான் கோபம் வரும்.

1996 ஐப்பசி. செயற்கைக்கோள் கருவியோடு நிலம் அளக்க மைசூரிலிருந்து மார்டள்ளி கிராமத்துக்குப் போயிருந்தோம். சர்வேயர் சீனிவாசன், கருவியின் கம்பத்தைப் பிடிக்கிற ஆள் நான். லிங்கப்பனுக்கு ஐம்பது வயது, இரண்டு ஏக்கர் சோளக்காடு, அவரும் மனைவி ராமக்காளும் மூன்று கோடை பாறை உடைத்து வெட்டிய ஒரு கிணறு. அந்தக் கிணறு வனத்துக்குள் இருக்கிறது என்றது வன இலாகா வரைபடம். இல்லை என்று சொல்ல அவருக்கிருந்த ஒரே சாட்சி, கிணற்றுக்கு அப்பால் நின்ற பழைய எல்லைக்கல். கல்லை யாரும் நகர்த்திவிடக் கூடாதென்று அவருடைய அப்பா அதை ஒட்டிப் புங்கமரம் நட்டிருந்தார்.

மழையில் நனைந்த புங்க இலைகள் வானத்தையே அடைத்திருந்தன. ஒரே கல்லின் மேல் கம்பத்தை வைத்தாலும் கருவி ஒருமுறை பத்தடி கிழக்கே காட்டியது, மறுமுறை முப்பதடி தெற்கே.

"ஈர எலை சிக்னலைத் தடுக்குதப்பா. பங்குனியில எலை உதிரட்டும், வரலாம்னு சொல்லிடு," என்று சீனிவாசன் ஜீப்பில் ஏறிவிட்டார்.

லிங்கப்பன் என்னிடம் ஓடி வந்தார். "என்னங்க சொல்றாரு?"

"மரம் மட்டும் இல்லேன்னா அரைமணி வேலைங்கண்ணா."

பங்குனி வரை பொறுங்கள் என்று ஒரு வார்த்தை சேர்த்திருக்கலாம். மழை வலுத்தது, ஜீப்புக்கு ஓடிவிட்டேன். சனியன் பிடித்த வாய்!

பங்குனியில் போனபோது மரம் இல்லை. வெட்டினால் திரும்பத் துளிர்க்குமென்று வேரோடு தோண்டி எடுத்திருந்தார். வேர் கவ்வியிருந்த கல்லும் கூடவே வந்துவிட்டதாம். அதைக் கழுவி, மஞ்சள் பூசி, பொட்டு வைத்து, குழியை மூடித் திரும்ப நட்டிருந்தார்.

வானம் வெறிச்சென்றிருந்தது. கருவி இம்மியும் அசையாமல் ஒரே இடத்தைக் காட்டியது. சீனிவாசன் கல்லின் அடியில் கிடந்த புதுமண்ணைப் பார்த்துவிட்டு அப்படியே உட்கார்ந்துவிட்டார்.

"அதே எடந்தானுங்க," என்றார் லிங்கப்பன். "அடி பிசகாம நட்டிருக்கறனுங்க. நீங்க அளங்க."

பிடுங்கி நட்ட கல் சாட்சிக்கு ஆகாது. சீனிவாசன் அப்படித்தான் எழுத வேண்டியிருந்தது. இனி வரைபடம் சொன்னதுதான் எல்லை, கிணறு வன இலாகாவுக்கு. அதை நான்தான் எடுத்துச் சொன்னேன். சொல்லும்போதே எனக்கு அழுகை வந்துவிட்டது.

லிங்கப்பன் என்னைத் திட்டவில்லை. கிணற்றுப் பக்கம் திரும்பினார்.

"அப்போ நாளைக்குத் தண்ணி எறைக்க நான் ஆரைக் கேக்கோணுமுங்க?"