பைன் காட்டில் இரண்டு இரவு

கலைமகள் ஒரு முடிவெடுத்துவிட்டால் பிரம்மாவே வந்தாலும் மாற்ற முடியாது என்பது எங்கள் வீரபாண்டி லைன் வீட்டில் எல்லோருக்கும் தெரியும். பிறகு ஏன் அவளால் இத்தனை நாளாக மகளைக் கொடைக்கானல் கூட்டிப்போக முடியவில்லை? காரணம் பிரம்மா இல்லை, ஷிப்மெண்ட்.

பனியன் கம்பெனியில் துணி ஓரம் அடித்து இணைக்கும் ஓவர்லாக் டைலர் அவள். பதினாறு வருடமாக அதே கம்பெனி. வெளிநாட்டுக்குச் சரக்கு அனுப்பும் ஷிப்மெண்ட் நாள் நெருங்கினால் அங்கே யாருக்கும் லீவு கிடையாது. மகள் கவிப்பிரியா ஆறாவது படித்தபோது, கூடப் படிக்கிறவள் ஒருத்தி பைன் மரக்காட்டுக்குள் கூடாரத்தில் தங்கிவிட்டு வந்து கதை கதையாகச் சொல்லியிருக்கிறாள். நாமும் போவோம் என்று கலைமகள் அன்றே வாக்குக் கொடுத்துவிட்டாள். முதல் வருடம் மூட்டை கட்டிய பிறகு கம்பெனியிலிருந்து போன் வந்தது, அவிழ்த்தார்கள். அடுத்த வருடம் பஸ் ஸ்டாண்டு வரை போய்த் திரும்பினார்கள். இந்த வருடம் லீவு விட்டும் பிள்ளை கேட்கவே இல்லை. "அதுதானுங்க்கா எனக்குச் சுருக்குன்னு இருந்துச்சு" என்று என்னிடம் சொன்னாள்.

சூப்பர்வைசர் அந்தோணிராஜிடம் ஒரு மாதத்துக்கு முன்பே சொல்லிவிட்டு, வெள்ளிக்கிழமை மதியம் அவளும் கணவரும் மகளுமாக மூவரும் போய்ச் சேர்ந்தார்கள். சுற்றிலும் பைன் மரங்கள், நடுவில் குடும்பத்துக்கு ஒரு கூடாரம், பொதுவில் ஒரு சமையல் கொட்டகை. மே மாதத்திலும் பல் கிட்டும் குளிர். எந்தெந்த நாட்டுக் குழந்தைகளுக்கோ ஆயிரக்கணக்கில் ஸ்வெட்டர் தைத்தவள், தனக்கென்று ஒன்று எடுத்துப் போகவில்லை. கேட்டதும் எனக்குச் சிரிப்பும் வந்தது, கோபமும் வந்தது.

சனிக்கிழமை காலை இன்னும் மோசம். ஏழரை மணிக்குத் தலை சீவி, பொட்டு வைத்து, கையில் டிபன் பாக்ஸோடு கூடாரங்களைத் தாண்டி வாசலில் போய் நின்றிருக்கிறாள். கம்பெனி வேன் வருகிற நேரம் அது! "வேன் இன்னைக்கு லேட்டா புள்ள?" என்று கணவர் ரத்தினசாமி கேட்ட பிறகுதான் அவளுக்கு நினைவே வந்ததாம். வயிறு வலிக்கச் சிரித்திருக்கிறார்கள்.

சிரிப்பு அடங்குவதற்குள் போன் அடித்தது. அந்தோணிராஜ்தான்.

"அக்கா, திங்கக்கெழம ஷிப்மெண்ட். ஓவர்லாக்குல ரெண்டு பேர் வரல. இன்னைக்கே கெளம்பி வந்துருங்க."

"நான் சொல்லிட்டுத்தானுங்களே வந்தேன்?"

"அதெல்லாம் தெரியாதுங்க்கா. வரலீன்னா உங்க மிசின்ல வேற ஆளப் போட்டுருவோம்." போனை வைத்துவிட்டான்.

ரத்தினசாமி சரக்கு ஆட்டோ ஓட்டுகிறவர், பயந்த சுபாவம். "போயிறலாம் புள்ள. பதினாறு வருச வேலை. இந்த மலை எங்கயும் ஓடிப் போயிறாது" என்றார்.

கலைமகளும் தடுமாறித்தான் போனாள். பதில் சொல்லத் திரும்பியபோது, கூடாரத்துக்குள் கவிப்பிரியா போர்வைகளை மடித்துக்கொண்டிருந்தாள். யாரும் மடிக்கச் சொல்லவில்லை. அவள் பை ஓரத்தில் வைத்தது வைத்தபடி இருந்தது. ஜிப்பைக்கூடத் திறக்கவில்லை. நேற்றுப் போட்ட சுடிதாரோடுதான் இன்னும் இருந்தாள்.

"ஏங் கண்ணு, துணியெல்லாம் வெளிய எடுக்கலயா?"

"எப்படியும் போன் வரும்னு தெரியும்லம்மா."

அதை அவள் ஒரு குறையாகக்கூடச் சொல்லவில்லை. கலைமகள் அங்கேயே நின்று அந்தோணிராஜைப் போனில் கூப்பிட்டாள்.

"தம்பி, திங்கக்கெழம எட்டரைக்கு மிசின்ல உக்காந்திருப்பனுங்க. அதுக்கு முன்னாடி வரமாட்டனுங்க. வேற ஆளப் போட்டாலும் செரிங்க. டைலர் தேவைன்னு போர்டு தொங்காத தெரு நம்மூர்ல ஏதுங்க?"

மரியாதைக்கு ஒரு குறைச்சலும் இல்லை. பேசி முடித்து, போனை அணைத்து அரிசிப் பைக்குள் போட்டாள். ரத்தினசாமி ஏதோ சொல்ல வாயெடுத்தார். அவள் பார்த்த பார்வையில் மூடிக்கொண்டார்.

மடித்து வைத்த போர்வைகளை எடுத்து மறுபடியும் விரித்தாள்.

"நாளைக்கும் இங்கதானாம்மா?"

"நாளைக்கும் இங்கதான் கண்ணு."

கவிப்பிரியா சிறிது நேரம் அம்மாவின் முகத்தையே பார்த்தாள். பிறகு பையை இழுத்து மடியில் வைத்து ஜிப்பைத் திறந்தாள்.