மயிலையும் காரியும்

குப்புறப் போட்டால்தான் அது ஓடும். அருள்பாண்டி மூடியைத் திறந்து, சிடியை வெளிச்சத்தில் ஒருமுறை சாய்த்துப் பார்த்து, பனியனின் உட்பக்கத்தால் நடுவிலிருந்து விளிம்புக்கு நேராகத் துடைக்கிறார். சுற்றிச் சுற்றித் துடைக்கிறவர்களைக் கண்டால் அவருக்கு ஆகாது. "சட்டியா கழுவுற?" என்று கேட்டுவிடுவார். சிடியை உள்ளே அமுக்கி, மூடியைச் சாத்தி, அந்தச் சாம்பல் நிற வீடியோ கேம் பெட்டியை அப்படியே கவிழ்த்து மேசையில் வைக்கிறார். அதன் பொத்தான் எப்போதும் அமுங்கியே கிடக்கும். சுவரில் உள்ள ஸ்விட்சைத் தட்டினால் போதும். பழைய டிவியில் வெள்ளைத் திரை விரிய, அடிவயிற்றில் இறங்குகிற மாதிரி 'கூம்' என்று ஒரு சத்தம் எழும். அது அடங்கும்வரை வீட்டில் யாரும் பேசக் கூடாது. தண்ணீர் கேட்டு ஒரு கல்யாண மண்டபமே போன் போட்டாலும் எடுக்க மாட்டார்.

கோச்சடையில் வீடுகளுக்குத் தண்ணீர் கேன் போடுவது அவர் பிழைப்பு. சொந்தமாக ஒரு குட்டியானை வண்டி, தோளில் காய்ப்பு, வயது நாற்பத்தைந்து. ஆளுக்கு மாடிப்படி ஒரு பொருட்டே இல்லை, கேனோடு ஏறி இறங்கினாலும் மூச்சு வாங்காது. ஆனால் உட்கார்ந்த இடத்தில் கார் பந்தயம் ஆடினால் வேர்த்துக் கொட்டிவிடும். திரையில் கார் இடது பக்கம் திரும்பினால் இவரும் இடது பக்கம் சாய்வார். நாக்கு நுனி வெளியே வந்து உதட்டோரம் ஒட்டிக்கொள்ளும். யாராவது சிரித்தால், "வண்டி திரும்புதுல்ல? நான் மட்டும் நட்டமா உக்காந்திருக்க முடியுமா?" என்பார்.

இருபது வருடத்துக்கு முன்னால் காளவாசல் பக்கம் ஒரு சந்தில், தம்பி முத்துப்பாண்டியோடு சேர்ந்து கேம் சென்டர் வைத்திருந்தார். பள்ளிக்கூடம் விட்டதும் வாசலில் செருப்பு குவிந்து கிடக்கும். பிறகு ஆளுக்கொரு செல்போன் வந்தது, செருப்பு குறைந்தது, ஒரு நாள் ஷட்டரை இறக்கியதுதான், ஏற்றவில்லை. மிஞ்சியது இரண்டு பெட்டிகள். பிளேஸ்டேஷனில் முதலாவது ஒன்று, இரண்டாவது ஒன்று. ஒரே கம்பெனி பெற்ற அண்ணன் தம்பி. முதலாவது சாம்பல் நிறம், அதனால் அது மயிலை. இரண்டாவது கறுப்பு, அதனால் காரி. மாடு கட்டிய குடும்பம். நிறத்தைப் பார்த்தால் வாயில் மாட்டுப் பேர்தான் வரும்.

இரண்டையும் ஒப்பிட்டுப் பேச ஆரம்பித்தால் டீ ஆறிப்போகும். அவர் டீ இல்லை, கேட்கிறவர் டீ.

"மயிலைக்கு மண்டையைத் தொறந்துதான் சிடியை வைக்கணும். காரி பாருங்க, தட்டை நீட்டி மரியாதையா வாங்கிக்கிரும். மயிலையில மனுசன் மூஞ்சி செங்கல்லு அடுக்குன மாதிரி இருக்கும், காரியில முடி முடியாத் தெரியும். மயிலை சிடியைக் காரிக்குள்ள போடுங்க, மூஞ்சி சுளிக்காம ஓட்டும். காரி சிடியை மயிலைக்குள்ள போடுங்க பாப்போம்? முழிச்சுக்கிட்டு நிக்கும். காரி படம் வேற போடும்ணே! எந்த வகையில பாத்தாலும் காரிதான்."

எந்த வகையில் பார்த்தாலும் காரிதான் என்று சொல்கிற இந்த மனிதர், காரியைத் தொட்டு மாதக்கணக்காகிறது. அவருக்கு உயிர் மயிலை. கேம் சென்டரில் காரி கூட்டத்துக்கு, மயிலை இவருக்கு. மத்தியான வெயிலில் ஆள் வராத நேரம், ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு இவர் தனியாக ஆடிய பெட்டி அது. உழைத்து உழைத்து லென்ஸ் தளர்ந்து, இனி தேறாது என்று எல்லாரும் கைவிட்ட பிறகு, எரிச்சலில் ஒரு நாள் கவிழ்த்துப் போட்டவர் இவர்தான். ஓடியது! அன்றைக்கு அடைந்த சந்தோஷத்தை முதல் பிள்ளை பிறந்தபோதுகூட அடையவில்லை என்று மனைவி சரண்யாதேவி இன்றுவரை குத்திக் காட்டுகிறார். அதே கார் பந்தயம் காரியிலும் ஓடும்தான். ஆனால் காரி தன்னுடைய சொந்தச் சத்தத்தோடுதான் எழுந்திருக்கும். அந்தக் 'கூம்' வராது. அது இல்லாமல் இவருக்கு ஞாயிற்றுக்கிழமையே விடியாது.

பிறகு எதற்கு ஊரெல்லாம் காரி புராணம்? பங்குக்காக.

போன வருடம் அப்பா பேயாண்டி போய்ச் சேர்ந்தார். நாகமலைப் பக்கத்து நிலம், வீடு, ஆட்டு உரல் வரைக்கும் ஒரு சொல் உயராமல் பிரித்து முடித்தார்கள். அவர்கள் குடும்பத்தில் பிரிக்கிற முறை ஒன்றுதான். மூத்தவர் இரண்டாகக் கூறு வைக்க வேண்டும். இளையவர் முதலில் எடுக்க வேண்டும். மூத்தவருக்கு மிச்சம். ஏமாற்ற நினைக்கிறவனுக்கு இதைவிடப் பெரிய கடிவாளம் கிடையாது. கூறு ஒரு பக்கம் சாய்ந்தால் நட்டம் வைத்தவனுக்குத்தான். நிலத்துக்கெல்லாம் சரி. ஆனால் தம்பி திருநகரில் புதுவீட்டுக்குக் குடிபோகிற சமயம் பார்த்து, பஞ்சாயத்துப் பேசிய தாய்மாமன் தவசி ஒரு வார்த்தை விட்டார். "அந்த ரெண்டு விளையாட்டுப் பெட்டி கெடக்குல்ல? அதையும் கூறு வச்சு முடிச்சிருங்கப்பா. நாளப்பின்ன ஒரு பேச்சு வரக் கூடாது."

அன்றைக்கு அருள்பாண்டிக்குச் சோறு இறங்கவில்லை.

"மயிலைதான் வேணும்னு வாயத் தொறந்து சொல்லிட்டா என்ன?" என்றார் சரண்யாதேவி. "ஒங்க தம்பி என்ன மாட்டேன்னா சொல்லிரும்?"

"மூத்தவன் கேக்கக் கூடாதுடி."

"ஏனாம்?"

"கேட்டா அது பங்கா? நான் புடுங்கிக்கிட்டதுல்ல ஆகும்?"

இதற்கு மேல் அவரிடம் பேசுவது வெட்டிவேலை என்று சரண்யாதேவிக்குத் தெரியும். அடுப்படிக்குப் போய்விட்டார். கேட்கக் கூடாதவர் வேறு வழி பிடித்தார். ஞாயிறு தவறாமல் வீட்டுக்கு வருகிற தம்பியை உட்காரவைத்து, காரியின் பெருமையை ஓதினார். தம்பி இல்லாத நாளில் டீக்கடையில் ஓதினார், எப்படியும் காதுக்குப் போய்ச் சேரும் என்று. தம்பி ஒரு தனியார் கம்பெனியில் வண்டிக் கடன் கொடுக்கிற பிரிவில் இருக்கிறான். எதையும் விலை, தரம், பழுது பார்த்து எடை போடுகிற பழக்கம். அவன் காரியைத்தான் எடுப்பான் என்பதில் அண்ணனுக்குச் சந்தேகமே இல்லை. அவன் எல்லாவற்றையும் மண்டையை ஆட்டிக் கேட்டுக்கொண்டான். "ஆமண்ணே, காரி காரிதான்" என்றான்.

கூறு வைக்கிற நாள் வந்தது. வெள்ளிக்கிழமை காலை, நல்ல நேரம் பார்த்து. விளையாட்டுப் பெட்டிக்கு என்ன நல்ல நேரம் என்று கேட்க அந்தக் குடும்பத்தில் ஆள் இல்லை. கூடத்தில் கோரைப்பாய் விரித்து, தவசி மாமா நாற்காலியில் சாட்சியாக உட்கார்ந்தார். அருள்பாண்டி குளித்து, விபூதி பூசி, துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு இரண்டு கூறு வைத்தார். ஒன்றில் காரி. அதனோடு சேர்ந்து நல்ல ரிமோட் இரண்டும், கீறல் விழாத சிடிகள் அத்தனையும். இன்னொன்றில் மயிலை. அதற்கு ஒயர் பிதுங்கிய ஒரு ரிமோட், கார் பந்தய சிடி ஒன்று, ஒரு மெமரி கார்டு. அம்புட்டுத்தான்.

தவசி மாமா குனிந்து பார்த்தார். "என்னப்பா, ஒண்ணு மலையாட்டம் இருக்கு, ஒண்ணு மடுவாட்டம் இருக்கு?"

"அதுக்கு அதுதான் மாமா சரியா வரும்" என்றார் அருள்பாண்டி, பாயைப் பார்த்துக்கொண்டு. "நீ எடுறா தம்பி."

முத்துப்பாண்டி பாயில் குத்துக்காலிட்டு உட்கார்ந்தான். காரியைப் பார்த்தான். அந்தப் பளபளக்கிற ரிமோட்டுகளைப் பார்த்தான். அண்ணன் முகத்தைப் பார்த்தான். பிறகு இரண்டு கையையும் நீட்டி, மயிலையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டான்.

"டேய்!" என்றார் அருள்பாண்டி.

"எனக்குத் தெரியாதாண்ணே?" முத்துப்பாண்டி சிரித்தான். "வாரா வாரம் காரி காரின்னு அம்புட்டுப் பேசுற. அது மேல எம்புட்டு ஆசை இருந்தா அப்படிப் பேசுவ? கேக்க வாய் வராம நல்லதையெல்லாம் அதுகூடச் சேத்து வச்சிருக்க, அதையும் நான் தூக்கிட்டுப் போனா நான் தம்பியா? ஒனக்குக் காரி இருக்கட்டும். அதுலதான் மயிலை சிடியும் ஓடும்ல, ஒரு கொறையும் இல்ல."

எல்லாம் இவர் சொல்லிக் கொடுத்த நியாயம். வரி மாறாமல் திரும்பி வந்தது.

"பாத்தியாப்பா!" தவசி மாமாவுக்குக் கண் கலங்கிவிட்டது. "நல்லதை அண்ணனுக்கு விட்டுட்டு நொந்ததை எடுத்திருக்கான். பொறந்தா இப்படிப் பொறக்கணும்."

நொந்தது என்ற சொல் அருள்பாண்டிக்குச் சுருக்கென்று தைத்தது. உண்மையைச் சொல்ல இன்னும் நேரம் இருந்தது. டேய், எனக்கு வேண்டியது அதுதான்டா என்று ஒரு வரி சொன்னால் போதும். தம்பி அந்த நிமிஷமே திருப்பித் தந்துவிடுவான். ஆனால் அப்புறம் இத்தனை மாதப் பேச்சும் தம்பியை ஏய்க்கப் போட்ட நாடகம் என்று ஆகும். மாமா முன்னால், பாயில் உட்கார்ந்துகொண்டு, அதைச் சொல்ல அவரால் முடியவில்லை. தம்பியின் மனசை அவர் வண்டிக் கடன் ஆபீசாகவே நினைத்துவிட்டார். அதுதான் தப்பு. இப்படிப்பட்டவன் தனக்குத் தம்பியா என்று நெஞ்சு நிறைந்தது. மடியில் கிடக்கிற பெட்டியைப் பார்த்ததும் வயிறு எரிந்தது. இரண்டும் ஒரே நேரத்தில் நடந்தது அவருக்குப் புதிது.

சரண்யாதேவி காபி டம்ளர்களோடு வந்தவர், பாயைப் பார்த்தார், புருஷனைப் பார்த்தார். வாயைத் திறக்கப்போனார். அருள்பாண்டி லேசாகத் தலையை ஆட்டினார், வேண்டாம் என்று. சரண்யாதேவி டம்ளரை வைத்துவிட்டு உள்ளே போனார். வைத்த வேகத்தில் காபி பாதி தரையில்.

"ரொம்ப நேரம் போடாதடா, சூடாயிரும்" என்றார் அருள்பாண்டி.

"சரிண்ணே."

"மெமரி கார்டைப் புடுங்கும்போது நேரா புடுங்கு. அங்கிட்டு இங்கிட்டு ஆட்டாத."

"சரிண்ணே."

"ஈரக் கையோட தொடாத."

"அண்ணே, நானும் அந்தக் கடையிலதான்ண்ணே இருந்தேன்."

வாசலில் ஸ்கூட்டரின் கால் வைக்கிற இடத்தில் பெட்டியை நிறுத்தி, இரண்டு கால்களாலும் இறுக்கிப் பிடித்துக்கொண்டான் முத்துப்பாண்டி. "வாரேண்ணே, ஞாயித்துக்கெழமை பாப்போம்" என்று கிளம்பினான். அருள்பாண்டி படியில் நின்றார். தெருக்கோடியில், மெயின் ரோட்டில் ஏறுகிற இடத்தில், கார்ப்பரேஷன்காரர்கள் புதிதாகப் போட்ட வேகத்தடை ஒன்று உயரமாக இருந்தது. முத்துப்பாண்டி வேகத்தைக் குறைக்கவில்லை. ஸ்கூட்டரின் முன்சக்கரம் அதில் ஏறிய நேரத்தில், இங்கே வாசல் படியில் அருள்பாண்டியின் இரண்டு கைகளும் தாமாக முன்னால் நீண்டு, எதையோ ஏந்தித் தூக்குவதுபோல் மெல்ல மேலே எழுந்தன. பின்சக்கரமும் இறங்கிய பிறகுதான் கீழே வந்தன.