பாலமுனை விலாசத்தில் இல்லாதவன்

என் இடது கால், முழங்காலுக்குக் கீழே, இராணுவத்தில் இருந்தபோது மிதிவெடியில் போனது. இப்போது போட்டிருக்கும் பொய்க்கால் பல வருடங்களுக்கு முன்பு ஒரு தொண்டு முகாமில் கிடைத்தது. அதன் வார் அறுந்துபோய், சைக்கிள் டியூப்பை வெட்டிக் கட்டியிருக்கிறேன். காலைச் செருகும் குழி தளர்ந்துவிட்டதால் மூன்று காலுறைகளைத் திணிக்க வேண்டும். திணித்தால் புண் வரும். திணிக்காவிட்டால் தெருவில் கழன்று விழும். அரிசி ஆலையில் மூட்டை வாய் தைப்பது என் வேலை. உட்கார்ந்து செய்யும் வேலைதான். ஆனால் ஆலைக்கு நடந்து போக வேண்டுமே.

போன நோன்புக்கு முன்பு புண் சீழ் வைத்தது. டாக்டர் பார்த்துவிட்டு, இதே காலை இன்னும் ஒரு வருடம் போட்டால் முழங்காலுக்கு மேலேயும் வெட்ட வேண்டி வரும் என்று சொன்னார். காயப்பட்ட படைவீரர்களுக்கு இராணுவமே அளவெடுத்துப் புதுக் கால் செய்து கொடுக்கிறது என்பதும் அவர் சொல்லித்தான் எனக்குத் தெரியும். அதற்கு ஓர் அட்டை வேண்டும். என்னிடம் அது இல்லை. யாரிடமும் கேட்டதும் இல்லை. கேட்பது எனக்குச் சின்ன வயதிலிருந்தே வராத காரியம். கடையில் மிச்சக் காசைக் கூட நானாகக் கேட்க மாட்டேன்.

என் படைப்பிரிவின் ஆவணக் கந்தோர் கல்முனையிலிருந்து ஒரு முழுப் பகல் பஸ் தூரம். முதல் தடவை போனபோது சீருடை போட்ட ஒரு பெண் லிகிதர் இருந்தார். என் மகளின் வயதிருக்கும். என் இலக்கத்தைக் கணினியில் தட்டினார். திரையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், மேசைக்கு வெளியே நீட்டிக்கொண்டிருந்த என் காலைப் பார்த்தார்.

"அங்கிள், நீங்கள் தப்பியோடியவர் என்று இருக்கிறது" என்று சிங்களத்தில் சொன்னார்.

பக்கத்து மேசைக்காரர் நிமிர்ந்து பார்த்தார். எனக்குச் சிங்களம் நன்றாகத் தெரியும். விளங்கவில்லை என்றும் சொல்ல முடியாது. கால் போய் ஆஸ்பத்திரியில் நான்கு மாதம் கிடந்தவன், ஊன்றுகோலோடு லீவில் வீட்டுக்கு அனுப்பப்பட்டவன், எங்கே ஓடுவது? எப்படி ஓடுவது? இதையெல்லாம் பஸ்ஸில் திரும்பி வரும்போதுதான் ஒவ்வொன்றாக நினைத்தேன். அங்கே, "சரி மிஸ்" என்று மட்டும் சொல்லிவிட்டு வந்துவிட்டேன்.

வீட்டில் மனைவி கேட்டுவிட்டுச் சிரித்தாள். பிறகு கோபப்பட்டாள்.

"நிக்காஹ் அண்டைக்கே நேரத்துக்கு வந்து சேரத் தெரியாத மனிசன் நீங்க. நீங்க ஓடினயாமா? ஒத்தக் காலால? மறுகா அதுக்கு நீங்க என்ன சொன்ன?"

"சரி எண்டன்."

"சரி எண்டயா! அல்லாவே, இந்த மனிசன வெச்சிக்கி நான் என்ன செய்ய!"

நடந்தது என்னவென்று எனக்கு அப்போதே பாதி விளங்கியது. எங்கள் பக்கத்தில் வீடு பெண்ணுக்குத்தான். கல்யாணம் முடிந்ததும் மாப்பிள்ளை உடுப்புப் பையைத் தூக்கிக்கொண்டு பெண் வீட்டுக்குப் போய்விடுவான். அவன் பிறந்த வீடு தங்கைக்குச் சீதனமாகும். அங்கே தங்கையின் மாப்பிள்ளை தன் உடுப்புப் பையோடு வந்து சேருவான். நானும் அப்படித்தான் பாலமுனையில் உம்மாவின் வீட்டை விட்டு, கல்முனையில் மனைவியின் வீட்டுக்கு வந்தேன். ஒரு ஆண் இப்போது எந்த வீட்டில் இருக்கிறான் என்பது ஊரில் எல்லாருக்கும் தெரியும். ஆகவே எங்கேயும் போய் விலாசம் மாற்ற வேண்டும் என்று யாருக்கும் தோன்றுவதில்லை. எனக்கும் தோன்றவில்லை. இராணுவத்தின் கோப்பில் நான் பாலமுனைக்காரனாகவே இருந்தேன்.

லீவில் அனுப்பும்போது, வைத்தியக் குழுவுக்குக் கூப்பிட்டுக் கடிதம் வரும் என்று சொன்னார்கள். கல்முனையில் காத்திருந்தேன். வரவில்லை. சம்பளமும் நின்றது. காலில்லாதவன் இனி எதற்கு என்று விட்டுவிட்டார்கள் என நினைத்துக்கொண்டேன். போய்க் கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. அந்தப் பிழை என்னுடையதுதான், அதை வேறு யார் தலையிலும் போட மாட்டேன்.

இரண்டாவது தடவை திருத்தம் கேட்டு விண்ணப்பத்தோடு போனேன். கிராம சேவகரின் சான்றிதழ் வேண்டும் என்றார்கள். வாங்கிக் கொடுத்தேன். அது இன்றைக்கு நான் எங்கே இருக்கிறேன் என்றுதான் சொல்கிறதாம், அன்றைக்கு எங்கே இருந்தேன் என்று சொல்லவில்லையாம். அப்போதிருந்த கிராம சேவகர் மௌத்தாகிப் பல வருடம். பள்ளிவாசலில் நிக்காஹ் பதிவின் பிரதி எடுத்துக்கொண்டு மூன்றாவது தடவை போனேன். அந்தப் பெண் லிகிதர் அதை இரண்டு முறை படித்தார்.

"கல்யாணம் முடித்தது சரி அங்கிள். ஆனால் நீங்கள் ஏன் மனைவியின் வீட்டில் இருந்தீர்கள்? உங்கள் வீட்டுக்கு என்ன நடந்தது?"

"அது தங்கைக்குப் போய்விட்டது."

"உங்களுக்கு ஒன்றுமே தரவில்லையா? பாவம்!"

பக்கத்து மேசைக்காரர் சத்தமாகச் சிரித்தார். "பின்ன கல்யாணம்! அங்கிள் பின்ன போயிருக்கிறார்!" சிங்களவர் பக்கத்தில் மனைவி வீட்டோடு போவதுதான் பின்ன; அப்படிப் போகிறவன் கேலிக்குரிய ஆள். மழையில் துரத்திவிட்டாலும் போக வசதியாகக் குடையைக் கதவோரமே வைத்திருக்க வேண்டும் என்பார்களாம். எங்கள் ஊரில் எல்லா ஆண்களும் அப்படித்தான் என்று சொல்ல வாயெடுத்தேன். சிரிப்பு அடங்கவில்லை. விட்டுவிட்டேன்.

ஆனால் அன்றைக்கு அந்தப் பெண் ஒரு நல்ல வேலை செய்தார். களஞ்சியத்திலிருந்து பழைய கோப்பை எடுப்பித்தார். இரண்டு கடிதங்கள் பாலமுனைக்கு அனுப்பப்பட்டிருந்தன. பதில் இல்லை என்றதும் இராணுவப் பொலிஸார் இருவர் நேரில் போயிருக்கிறார்கள். வீட்டுக்காரரின் வாக்குமூலம் ஒரு தாளில் இருந்தது. "அவர் இந்த வீட்டில் இல்லை. எங்கே போனார் என்று எங்களுக்குத் தெரியாது." கீழே தமிழில் ஒரு கையெழுத்து, அதன் அடியில் நீளமாக ஒரு கோடு. அந்தக் கோட்டை எனக்குத் தெரியும். என் தங்கையின் கணவர், என் மச்சான், இன்றும் அப்படித்தான் ஒப்பமிடுகிறார்.

"இவர் உயிரோடு இருக்கிறாரா?" என்று கேட்டார் லிகிதர்.

"ஓம்."

"அப்படியென்றால் இவருடைய சத்தியக் கடதாசி வேண்டும். நீங்கள் எங்கே இருந்தீர்கள் என்று தெரிந்திருந்தும் இப்படிச் சொன்னேன் என்று அவரே எழுதித் தர வேண்டும். அது இல்லாமல் திருத்தக் குழு இந்தக் கோப்பைத் தொடாது."

மச்சானைப் பிடிப்பது இராணுவத்தைப் பிடிப்பதைவிடக் கஷ்டமாக இருந்தது. முதல் நாள் பாலமுனைக்குப் போனபோது வயலுக்குப் போயிருந்தார். இரண்டாம் நாள் பள்ளிவாசல் கூட்டம். அவர் இப்போது நிர்வாகத்தில் இருக்கிறார். ஊரில் கண்டால் நாலு பேர் எழுந்து நிற்கிற ஆள். மூன்றாம் நாள் வாசலில் அவருடைய மோட்டார் சைக்கிள் நின்றது, செருப்பும் கிடந்தது. தங்கை கதவடியில் நின்றுகொண்டு, "அவரு இல்ல காக்கா" என்றாள், சொந்த அண்ணனிடமே. சொல்லிவிட்டு அவளே தலையைக் குனிந்துகொண்டாள். இதே வாசலில் இதே பதிலைத்தானே அன்றைக்கும் சொன்னார்கள் என்று நினைத்தேன். புண் எரிந்தது. வந்த வழியே திரும்பி நடந்தேன். கேற்றடியில் டியூப் அறுந்து கால் கழன்றது. சுவரைப் பிடித்துக்கொண்டு ஒற்றைக் காலில் நின்றேன். பொய்க்கால் சப்பாத்தோடு ஒழுங்கையில் கிடந்தது.

மச்சான்தான் உள்ளேயிருந்து ஓடிவந்து அதை எடுத்தார். என்னைத் தாங்கிக் கொண்டுபோய்க் கதிரையில் இருத்தினார். தங்கை தேத்தண்ணி கொண்டுவந்தாள். நான் வாக்குமூலத்தின் பிரதியை எடுத்து அவர் முன்னால் வைத்தேன்.

"நான் என்னத்த பொய் சொன்ன மச்சான்?" என்றார். "நீங்க இஞ்ச இருந்தயா? இல்லத்தானே!"

"எங்க போன எண்டு தெரியா எண்டும் சொல்லிரிக்கீங்க. அது?"

அவர் வெளியே பார்த்துக்கொண்டிருந்தார். இத்தனை வருடத்தில் எனக்கு இப்படிக் கோபம் வந்ததில்லை. "தெரியாதா உங்களுக்கு? அதுக்கு முந்தின கிழமதானே கல்முனைக்கு வந்து எனக்கிட்ட கறி தின்டுட்டுப் போனீங்க!" என்று கத்திவிட்டேன். தங்கை திடுக்கிட்டுப் போனாள். நானும்தான்.

"நான் கலியாணம் முடிச்சி ரெண்டு மாசம் மச்சான்" என்றார் அவர் மெதுவாக. "காலத்தால ஆமிப் பொலிஸ் தொப்பியோட ரெண்டு பேர் வந்து வளவுக்குள்ள நிக்கானுகள். உங்கட பேரச் சொல்லிக் கேக்கானுகள். ஒரு கால் எடுத்தது போதாம மத்ததையும் எடுக்க வந்திட்டானுகள் எண்டுதான் நான் நினைச்ச. திரும்ப சண்டைக்குக் கொண்டு போயிருவானுகள் எண்டு. வேற என்னத்த சொல்ல நான்?"

"மறுகாவாவது எனக்கிட்ட சொல்லியிருக்கலாமே!"

"மாமி வேணாம் எண்டா. கடதாசி ரெண்டையும் அவதான் அலுமாரிக்குள்ள வெச்சிப் பூட்டின. மகனுக்குத் தெரிஞ்சா ஊண்டுகோலோடயே போய் நிப்பான், அவனுக்கு இல்ல எண்டு சொல்லத் தெரியா எண்டு சொன்னா."

அது உண்மைதான். அன்றைக்கு அந்தக் கடிதம் கையில் கிடைத்திருந்தால் நான் போயிருப்பேன். வைத்தியக் குழு எனக்கு அட்டையும் காலும் தருவதற்காகக் கூப்பிட்டது என்பது உம்மாவுக்கு எப்படித் தெரியும்? சிங்கள எழுத்து, அவருக்கு வாசிக்கத் தெரியாது. அந்த அலுமாரியைச் சுனாமி அன்று கடல் கொண்டுபோனது. உம்மாவும் போய்விட்டார். யாரிடம் போய்க் கோபப்படுவது? நான் ஆறிப்போன தேத்தண்ணியைக் குடித்தேன்.

"இப்ப கையெழுத்து வெச்சா என்னைப் புடிப்பானுகளா?" என்று கேட்டார் மச்சான். "பள்ளி நிர்வாகத்தில இருக்கிறவன் ஆமிக்குப் பொய் சொன்ன எண்டு ஊருக்குள்ள கதை வந்தா?"

எனக்கும் தெரியவில்லை. தெரியாது என்றே சொன்னேன். தங்கைதான் குறுக்கே வந்தாள். "காக்காட பேரு அம்புட்டு வருசமா கெட்டுக் கிடக்கு. உங்கட பேரு ஒரு நாளைக்கிக் கெடட்டும்" என்றாள்.

மறுநாள் சமாதான நீதவான் ஒருவரிடம் போனோம். அவர் மூக்குக்கண்ணாடியைப் போட்டுக்கொண்டு முழுவதையும் வாசித்தார். "மச்சானை ஒளிச்சதுக்குச் சத்தியக் கடதாசி முடிக்கிறது என்ர சீவியத்துக்கே இதுதான் முதல் தரம்" என்றார். மச்சான் ஒப்பமிட்டு, அடியில் அந்த நீளக் கோட்டையும் போட்டார்.

நான்காவது தடவை இருவருமாகப் போனோம். பஸ் பயணம் முழுக்க மச்சான் தஸ்பீஹ் மணியை உருட்டிக்கொண்டே வந்தார். கந்தோரில் அவரை யாரும் பிடிக்கவில்லை. ஏன் என்றுகூடக் கேட்கவில்லை. லிகிதர் கடதாசியை வாங்கி, துளையிட்டு, கோப்பில் கோத்தார். அவ்வளவுதான். அதற்குத்தான் இவ்வளவு காலமும். மச்சானுக்குக்கூட ஏமாற்றமாகப் போய்விட்டது. "ஒரு வார்த்தை ஏசவும் இல்லையே" என்றார் வெளியே வந்து.

நான் விலாசத்தையும் மாற்றித் தரும்படி கேட்டேன். நானாகக் கேட்டேன். கேட்டதை நினைத்து எனக்கே ஆச்சரியம். அது வேறு விண்ணப்பம் என்றார் லிகிதர். முதலில் குழு திருத்தத்தை ஏற்க வேண்டும், அட்டை அச்சாக வேண்டும், அதற்குப் பிறகுதான் விலாசத்தைத் தொடலாமாம். இல்லாவிட்டால் கோப்பு மறுபடி முதலிலிருந்து தொடங்கும்.

"அதுவரைக்கும் கடிதம் எங்கே வரும் மிஸ்?"

"பழைய விலாசத்துக்குத்தான் அங்கிள். பாலமுனை."

மூன்று மாதம் கழித்துக் குழுவின் கடிதம் பாலமுனைக்கு வந்தது. மச்சான் சோறு தின்ற கை காயாமல் மோட்டார் சைக்கிளில் கொண்டுவந்து கொடுத்தார். தப்பியோடியவர் என்ற சொல்லை நீக்கிவிட்டார்களாம். சேவையில் காயமடைந்து விலகியவர் என்று எழுதியிருக்கிறார்களாம். மனைவி அதை என்னிடம் மூன்று தடவை வாசிக்கச் சொன்னாள். அட்டை தபாலில் வரும் என்றும், அதைக் கொண்டுபோனால்தான் காலுக்கு அளவெடுப்பார்கள் என்றும் அடியில் இருந்தது. அதற்குப் பிறகு இரண்டு மாதம் ஆகிவிட்டது. புண் ஆறுவதும் திறப்பதுமாக இருக்கிறது.

ஒவ்வொரு நாளும் தபால்காரர் வருகிற நேரம் பார்த்து நான் பாலமுனைக்குப் போன் எடுக்கிறேன். நேற்றும் எடுத்தேன்.

"மச்சான், வந்ததா?"

"கரண்ட் பில்தான் வந்த."

"ஒளிச்சி வெக்கல்லயே?"

அந்தப் பக்கத்தில் கதிரை கிரீச்சிட்டது.

"வாசல்லதான் கதிரை போட்டு இருக்கன் மச்சான்" என்றார்.

போனை வைத்துவிட்டு, மூன்றாவது காலுறையைத் திணித்து, டியூப்பை இறுக்கிக் கட்டிக்கொண்டு ஆலைக்கு நடந்தேன்.