வெடிச் சத்தம் வேண்டாம் என்றார் மதினி

புகை இயந்திரத்தின் ஒயரைப் பிடுங்கிக் கையில் வைத்துக்கொண்டு மதினி நின்றதுதான் முதலில் நினைவுக்கு வருகிறது. இரண்டாயிரத்துக்குப் பிந்தைய ஓர் ஆண்டு, எம். புதுப்பட்டியில் அம்மன் கோயில் ஊர்ப் பொங்கல். மதினி என் அண்ணனின் மனைவி. பட்டாசு ஆலையில் பெட்டி ஒட்டிக்கொண்டே நாடகம் எழுதி நடித்தவர். நான் சிவகாசியில் ஒரு மைக்செட் கடையில் வேலை பார்த்தேன். அவருடைய நாடகத்தில், ஆலைக்குப் போன மகளுக்காக ஒரு தாய் காத்திருப்பாள். கடைசியில் விபத்து. அந்தக் காட்சிக்காகவே சிவப்பு விளக்கு, புகை, நெஞ்சை அதிரவைக்கும் வெடிச் சத்தம் எல்லாம் கொண்டுபோயிருந்தேன்.

“இது ஒண்ணும் வேணாம் தம்பி. ஒரு வெளக்கு போதும்” என்றார்.

“வெடிக்காம என்னத்தப் பாக்கப் போறாக மதினி?”

“வெடிச்சா எப்படி இருக்கும்னு இங்கன உள்ளவுகளுக்கு நாமளா காட்டணும்? காத்துக் கெடக்குறதத்தான் நான் எழுதியிருக்கேன்.”

கூட்டம் சிரித்துவிடுமோ என்று எனக்குப் பயம். இன்னொரு பயமும் இருந்தது. ஆலையில் லோடு ஏற்றும் அண்ணன் அன்று இன்னும் வீடு திரும்பவில்லை. ஆலைக்குள் செல்போன் கொண்டுபோகக் கூடாது என்பதால் விசாரிக்கவும் வழியில்லை. அது தெரிந்தே மதினி மேடையேறினார்.

ஒரு சோற்றுப் பானை, ஓர் அகப்பை, ஒரு தட்டு, அவ்வளவுதான். ஆலை வேன் வரும் ஓசை கேட்டவர் போல எழுந்தார்; மகள் இறங்கவில்லை என்று உட்கார்ந்தார். மறுபடி எழுந்தார். விபத்து நடக்க வேண்டிய இடத்தில், அகப்பையைப் பிடித்த கை அப்படியே நிற்க, கழுத்தை மட்டும் ஆலைகள் இருக்கும் மேற்குப் பக்கம் திருப்பினார். ஒயரைப் பிடுங்குவதற்கு முன் ஒத்திகையில் சிவப்புப் புகைக்கு நடுவே இதே காட்சி நடந்தபோது நான் கடலை தின்றுகொண்டிருந்தேன். இப்போது நாற்காலியைத் தள்ளிவிட்டு நின்றேன்.

முன்வரிசையில் குழந்தையோடு இருந்த ஒருத்தி எழுந்துவிட்டாள். “எந்தப் பக்கம்?” என்றாள். கூட்டம் முழுக்க மேற்கே திரும்பியது. நானும்தான். புகை எதுவும் இல்லை. இருட்டிக்கொண்டுவரும் வானம் மட்டுமே. மதினியோ பார்வையை எடுக்கவேயில்லை. எழுதியிருந்ததைவிட அதிக நேரம் பார்த்தார். அது அந்தத் தாயா, மதினியா என்று தெரியாமல் மேடைக்கு ஓடிவிடலாமா என்று தவித்தேன்.

அந்த மேற்குப் பாதையில்தான் அண்ணன் நடந்து வந்தார். அவர் வந்த வேன் பழுதாகி வழியில் நின்றுபோயிருக்கிறது. ஊரே தன்னை வெறித்துப் பார்ப்பதைக் கண்டு அவர் முகம் வெளுத்தது. “இங்கன என்னலே ஆச்சு?” என்று என் தோளைப் பிடித்தார்.

மேடையிலிருந்து மதினியும் அவரைப் பார்த்தார். ஆனால் அந்தத் தாய்க்கு யாரும் திரும்பி வரக் கூடாது. மெதுவாகக் குனிந்து பானையை மூடினார். நாடகம் முடிந்தது. யாரும் கைதட்டவில்லை. மேடையிலிருந்து இறங்கி வந்து அண்ணனின் சட்டையை இறுகப் பிடித்தபடி, “சாப்பிட்டீகளா?” என்று மட்டும் கேட்டார்.

இப்போது எனக்கே மைக்செட் கடை இருக்கிறது. புகையும் தீப்பொறியும் கேட்கிறவர்களுக்குக் கொடுக்கிறேன். அதைப் பார்த்து யாரும் பயந்ததில்லை. அண்மையில்தான் மதினியிடம் கேட்டேன், அன்று நடித்தீர்களா, உண்மையாகவே பயந்தீர்களா என்று.

“மேக்கால பாத்தது நடிப்பான்னு எனக்கே தெரியல தம்பி” என்றார். “ஒங்க அண்ணனப் பாத்த பெறகு பானைய மூடுனேன் பாருங்க, அதுதான் நடிப்பு.”