எறும்புக்குப் பெரட்டு வைத்த கங்காணி

எறும்பு பார்க்க ஏழு மைல் போனவன் என்று பதுளைக் கடைவீதியே என்னைக் கேலி செய்கிறது. செய்யட்டும்! என் கண்ணாடிக் கடையில் வாங்கிய இரண்டு பெட்டிகளில் தோட்டத்துத் துரை ஒருவர் எறும்பு வளர்க்கிறார். மாசி மாதம், "முடிவு தெரியப் போகுது, வா" என்று ஆள் அனுப்பினார்.

ரயில் இன்னும் பண்டாரவளையோடு நிற்பதால் நமக்கு மாட்டுவண்டிதான் கதி. காலை ஆறு மணிக்குக் கிளம்பினேன். வாடகை ஒன்றரை ரூபாய். ஸ்பிரிங்வெளிப் பக்கத்து ஏற்றத்தில் மாடு படுத்துவிட்டது. "கொஞ்சம் எறங்கித் தள்ளுங்க மொதலாளி" என்றான் வண்டிக்காரன். வாடகையும் கொடுத்து வண்டியையும் தள்ளி, பத்தரைக்குத் தோட்டம் சேர்ந்தேன்.

அங்கே ஒரு பந்தயம். கொழுந்து பறிக்கும் சவரியம்மா, மகள் ரோசம்மாவைப் பள்ளிக்கூடத்தில் சேர்க்கக் கேட்டிருக்கிறாள். பெரிய கங்காணி மறித்தார்: "கூலி புள்ள கூலிதாங்க. எறும்பப் பாருங்க, தலை பெருத்த சிப்பாய் பொறப்புலயே சிப்பாய்." துரை ஒரே தாயெறும்பின் புழுக்களையும் சில வேலைக்கார எறும்புகளையும் இரண்டாகப் பிரித்து, ஆளுக்கொரு பெட்டி கொடுத்துவிட்டார். எந்தத் தீனி போட்டாலும் இரண்டு பெட்டியிலும் சிப்பாய்கள் ஒரே அளவில் வந்தால் கங்காணிக்கு ஜெயம்; ரோசம்மா மறுநாளே கொழுந்துக் கூடை தூக்க வேண்டும்.

கங்காணி மாதம் முழுக்க விடிகாலையில், ஆட்களை நிறுத்தி எண்ணுவதுபோல, எறும்புக்கும் பெரட்டு வைத்தாராம். நடமாடும் எறும்புக்குத் தலைக்கு இவ்வளவு என்று அரிசி நொய். படுத்துக் கிடக்கும் புழுவுக்குப் பங்கில்லை. "வேலைக்கு வராதவனுக்கு ஏதுங்க அரிசி?" என்று என்னிடமே நியாயம் கேட்டார். அட கடவுளே! சவரியம்மாவோ கரப்பான், கருவாடு என்று வாரி இறைத்திருக்கிறாள்.

துரை மூடிகளைத் திறந்தார். கங்காணி பெட்டியில் அத்தனையும் பொடிசு. சவரியம்மா பெட்டியில் பதினொரு பெருந்தலைகள்! எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை.

கங்காணி விடவில்லை. "பிள்ளையார் எறும்புக்குக் கருவாடு போட்டா தலை பெருத்துருமா, தொரை?"

"பெருக்காது. விதையும் வேணும், தீனியும் வேணும்" என்றார் துரை.

"விதை எம்புள்ளகிட்ட இருக்குங்க" என்றாள் சவரியம்மா. "தீனிக்குத்தானே இம்புட்டு நாளா மல்லுக்கட்டுறேன்."

போகிறவர்கள் கவனிக்க: பழைய செருப்பு போதாது, மூன்று மணிக்குள் திரும்பிவிடுங்கள், பிறகு மழை பிடித்துக்கொள்ளும். நான் கிளம்புமுன் பள்ளிக்கூடப் பதிவில் ரோசம்மா பேர் ஏறிவிட்டது. சாட்சிக்குப் பெரிய கங்காணி கைநாட்டு வைத்தார். மை படிந்த விரலோடு அவர் நின்றபோது எனக்குச் சிரிப்பு வரவில்லை. புழுவாய்க் கிடந்த வயதில் அவருக்கும் யாரும் பங்கு வைக்கவில்லை.