அப்பாவின் நடுப் பத்தி

இறந்தவர்களின் வாழ்க்கைக் குறிப்பை எழுதி அச்சடித்துக் கொடுக்கும் தொழிலில் ஒரு வசதி உண்டு: யாரைப் பற்றி எழுதினோமோ அவர் வந்து குறை சொல்வதில்லை. மற்ற எல்லோரும் வருவார்கள்.

பெங்களூரில் இருபது வருடம் குப்பை கொட்டிவிட்டு, மூன்று வருடம் முன்பு காஞ்சிபுரம் திரும்பி இந்தக் கடையைப் போட்டேன். தமிழில் ஒரு பக்கம், ஆங்கிலத்தில் ஒரு பக்கம் எழுதித் தருவேன். எந்த மொழியானாலும் மூன்று பத்தி: பக்தி, குடும்பம், பொதுப்பணி. போன மாதம் என் அப்பாவே போய்விட்டார். ஞாயிற்றுக்கிழமை சர்ச்சில் நினைவு ஆராதனை. குறிப்பை நான்தான் வாசிக்க வேண்டியிருந்தது. பொய்யும் இருக்கக் கூடாது, குறையும் இருக்கக் கூடாது என்று அம்மா சொல்லிவிட்டாள். பெற்றவர்களைப் பற்றி ஒரு பக்கம் எழுத உட்கார்ந்து, பாதியில் எழுந்து டீ குடிக்கப் போனவர்களே, உங்களுக்குப் புரியும்.

நாமம்

திங்கட்கிழமை அப்பாவின் பெயரை மட்டும் அடித்துவிட்டு உட்கார்ந்திருந்தேன். சின்ன காஞ்சிபுரத்திலிருந்து ஒருவர் அவசரமாக வந்தார். அவர் அப்பாவின் பதின்மூன்றாம் நாளுக்கு அட்டை வேண்டுமாம். தப்பித்தோம் என்று அதில் இறங்கினேன். என் கம்ப்யூட்டரில் வடகலை நாமம் ஒன்று, தென்கலை நாமம் ஒன்று இருக்கிறது. மூக்கின் மேல் இறங்கும் சின்னப் பாதம்தான் வித்தியாசம். அந்தப் பாதத்துக்காக இந்த ஊரில் தலைமுறை தலைமுறையாக வாதாடியிருக்கிறார்கள்.

எனக்கு மனசெல்லாம் வேறெங்கோ. வடகலை வீட்டு அட்டையில் தென்கலை நாமத்தைப் போட்டு இருநூறு அடித்துக் கொடுத்துவிட்டேன். அவர் திரும்பி வந்தார். சத்தம் போடவில்லை. அட்டையை மேஜையில் வைத்துவிட்டுச் சொன்னார்: "அறுபது வருஷம் அந்தக் கோஷ்டியோட ஒத்துப்போகாதவர் சார் எங்கப்பா. போற வழியில கொண்டுபோய்ச் சேத்து விட்டுட்டேளே."

ஒரே வரி

புதன்கிழமை ஒரு பட்டு நெசவுக்காரர், எழுபத்தைந்து வயதிருக்கும், தன் குறிப்பைத் தானே சொல்லி எழுதி வாங்க வந்தார். திருவிழாவுக்கு நீர்மோர் ஊற்றியது, தேர்வடம் பிடித்தது எல்லாம் சொன்னார். 'சிவபதவி அடைந்தார்' என்று போட்டு, தேதிக்கு மட்டும் இடம் விடச் சொன்னார்.

தறிகளைப் பிரித்துக்கொண்ட நாளிலிருந்து அவருடைய மகன்கள் இருவரும் பேசிக்கொள்வதில்லை. பெயர்கள் நீளம், ஒன்றன்கீழ் ஒன்றாகப் போடலாம் என்றேன். மறுத்துவிட்டார். "எழுத்தைச் சின்னதாக்கி ஒரே லைன்ல போடுப்பா. அங்கயாவது ஒண்ணா நிக்கட்டும்."

அம்மாவுக்குக் காட்டிய பிரதி

அப்பாவின் முதல் பத்தி சுலபம்: ஞாயிறு தவறாமல் சர்ச்சில் மணி அடித்தவர். மூன்றாவதும் சுலபம். ஊருக்குத் தண்ணீர் திறந்துவிடும் வேலை. தெருத் தெருவாகப் போய் வால்வைத் திருக வேண்டும். எங்கே குழாய் உடைந்தாலும் கூப்பிடாமலே போய் நிற்பார். நடுப் பத்தி மட்டும் நகரவில்லை. ஆங்கிலத்தில் தொல்லை இல்லை, அதில் எல்லா அப்பாக்களும் ஒன்றுதான். தமிழில் எழுதி எழுதி அழித்தேன். வீட்டுக்கு வந்தால் சாப்பிட்டுத் தூங்குவார், விழித்தால் சைக்கிளை எடுப்பார். எங்களுக்குத் தெரிந்த அப்பா அவ்வளவுதான்.

வெள்ளிக்கிழமை வேறு வழியில்லாமல், 'குடும்பத்தின்மேல் பேரன்பு கொண்டிருந்தார்' என்று போட்டு அம்மாவிடம் வாசித்தேன். அம்மா கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். நிமிரவில்லை. "இதையே எத்தினி பேருக்கு எழுதிக் குடுத்துக்கிறே?"

எஸ்தர்

சனிக்கிழமை பிரதிகளை வாங்கிப் போகத் தங்கை எஸ்தர் வந்தாள். நடுப் பத்தியை அதற்குள் மாற்றியிருந்தேன்: 'ஆள் வேண்டியவர், தெரு வேண்டிய தெரு என்று பார்க்கமாட்டார். தன் சொந்தத் தெருவுக்குக் கடைசியாகத்தான் தண்ணீர் திறந்தார். மனைவியும் மகளும் அதுவரை குடத்தோடு காத்திருந்தார்கள்.' எஸ்தர் நின்றபடியே படித்தாள். தன் கல்யாணம் ஏன் இதில் இல்லை என்று கேட்டாள்.

அவள் கல்யாணம் கருட சேவை அன்று. ஊரெல்லாம் கூட்டம், காலையில் குழாய் உடைந்துவிட்டது. கோட்டு மாட்டிக்கொண்டு கிளம்பியிருந்த அப்பா, அதைக் கழற்றி என் கையில் கொடுத்துவிட்டுப் போனார். மாமாதான் அவளைப் பீடம்வரை கைபிடித்து அழைத்துப் போனார். கல்யாண உடன்படிக்கை எல்லாம் முடிந்தபின், முழங்கால்வரை சேற்றோடு அப்பா கடைசி வரிசையில் வந்து நின்றார். அதற்கப்புறம் எஸ்தர் அதைப் பற்றிப் பேசியதே இல்லை.

அது குறை ஆகிவிடும், அம்மா கோபித்துக்கொள்வாள் என்றேன். எஸ்தர் நாற்காலியை இழுத்து என் பக்கத்தில் போட்டு உட்கார்ந்தாள். "லேட்டா வந்தாருன்னு போடு. போடலன்னா வரவே இல்லன்னு நெனச்சிக்குவாங்க."

எவ்வளவு தாமதம் என்று எழுதுவது? விரலைக் கீபோர்டில் வைத்துக்கொண்டு யோசித்தேன். அவளுக்குப் பொறுக்கவில்லை.

"அவரு அரை மணி நேரம் லேட்டுண்ணா. நீ இருபது வருஷம். டைப் பண்ணு."

ஞாயிற்றுக்கிழமை அதையும் சேர்த்து வாசித்தேன், அம்மா எதையும் மறுக்கவில்லை. ஊரார் வாழ்க்கையை ஒரு மணி நேரத்தில் முடித்துக் கொடுக்கிறவன், வாசித்து முடித்த பின்னும், யாரும் கேட்காமலே அந்த நடுப் பத்தியைப் பத்து நாளாகத் திருத்திக்கொண்டிருக்கிறேன்.