வாப்பா அணைக்கச் சொன்ன விளக்கு

நானும் வாப்பாவும் கடைசியாகச் சேர்ந்து செய்த வேலை, குளியலறையில் ஒரு ஃபிலிம் கழுவியது. 1968 ஜனவரி 28, ஞாயிற்றுக்கிழமை. ஜன்னலில் கறுப்புத் துணி, மேலே சிவப்பு பல்பு. நான் டெவலப்பர் தட்டை ஆட்டினேன். அவர் கவிழ்த்த வாளிமேல் உட்கார்ந்து கடிகாரம் பார்த்தார்.

"நாலு நிமிஷம். இன்னும் ஆட்டு."

"தெரியும் வாப்பா. ஒரு நாளைக்கு முப்பது நெஞ்சு கழுவுறேன்."

நான் ஆஸ்பத்திரியில் எக்ஸ்ரே எடுப்பவள். ஃபிலிமும் அங்கிருந்து வந்ததுதான். தேதி முடிந்து தூக்கிப்போடுகிற பெட்டிகளை, பெரிய டாக்டரிடம் கேட்டு வாங்கி வருவேன். இருட்டில் வெட்டி வாப்பாவின் கேமரா அளவுக்குச் சிறிதாக்குவோம்.

ஹைப்போ கரைசலில் போட்டு எடுத்து, துணியை விலக்கி, ஜன்னல் வெளிச்சத்தில் பூதக்கண்ணாடியால் பார்த்தேன். நெகட்டிவில் நட்சத்திரம் கறுப்பாகத் தெரியும். கார்த்திகைக் கூட்டம் சுண்டுவிரல் நகத்துக்குள் அடங்கியிருந்தது. அதில் ஒரு நட்சத்திரத்தின் கீழே, தெற்குப் பக்கமாக, ஊதிவிட்ட சாம்பல் போல ஒரு மங்கல். வாப்பா வருடக்கணக்காகத் தேடிய தூசு மேகம்.

"வந்துருச்சு வாப்பா. நெஞ்சுல சளி கட்டின மாதிரி இருக்கு."

அது எங்கள் பழைய கேலி. அவர் சிரிக்கவில்லை. கண்ணாடியை வாங்கி, மங்கலைப் பார்க்காமல் ஃபிலிமின் மூலையைப் பார்த்தார். அங்கே கட்டைவிரல் அகலத்துக்குக் கறுத்திருந்தது. வேறு வெளிச்சம் பட்ட கறை.

"டார்ச்" என்றார்.

"மூலைதானே. வெட்டிப் போட்டுரலாம்."

"வெட்டாதே."

அதற்குப் பிறகு இருபத்து நாலு நாள் இருந்தார்.

என் வாப்பா முகைதீனுக்கு தாராவியில் லேத் பட்டறை. காயல்பட்டினத்திலிருந்து பதினெட்டு வயதில் பம்பாய் வந்தவர். உம்மா மவுத்தானபோது எனக்குப் பதினொரு வயது. அதற்குப் பிறகு திலக் நகர் வீட்டில் நாங்கள் இரண்டு பேர்தான். கீழ்த்தள வீடு, பின்னால் பத்தடி முற்றம், அதை ஒட்டி ஒரு சந்து.

1963இல் உல்லாஸ்நகருக்கு மோட்டார் வாங்கப் போனவர், பட்டாளத்துக் கழிவுச் சாமான் விற்கிற சிந்தி கடையிலிருந்து ஒரு லென்ஸோடு வந்தார். ஆகாய விமானத்திலிருந்து தரையைப் படமெடுக்கச் செய்த லென்ஸ். ஒரு குழந்தையின் தலை அளவு. அதை வானத்துக்குத் திருப்பி வைக்க ஒன்றரை வருடம் ஆனது. தாங்கியும் பல்சக்கரமும் பட்டறையில் அவரே கடைந்தார். முற்றத்தில் தகரக் கொட்டகை கட்டி, கூரைக்குக் கீழே தண்டவாளம் வைத்தார். தள்ளினால் கூரை முழுவதும் ஒரு பக்கம் போய்விடும். காலனிக்குப் புதிதாகக் குடிவந்தவர்கள் சிலர் காலையில் சொம்போடு வந்து அதன் முன்னால் நின்றதுண்டு.

வேலை எளிது, பொறுமைதான் வேண்டும். பூமி சுற்றுவதால் நட்சத்திரம் நகரும். கேமராவோடு கட்டிய சின்ன தூரதர்சினியில் ஒரு கண்ணை வைத்து, குறுக்குக் கம்பியில் ஒரு நட்சத்திரத்தை நிறுத்தி, கையால் திருகாணியைத் திருகிக்கொண்டே இருக்க வேண்டும். ஒரு மணி நேரம். கண்ணை எடுத்தால் படம் இழுபட்டுப் போகும்.

முதல் படம் 1965 செப்டம்பரில். யுத்த இருட்டடிப்பு. பம்பாய் முழுவதும் விளக்கு இல்லை. மழைமேகம் விலகிய ஒரே இரவில் எடுத்தார். அந்தப் படத்தில் கார்த்திகைக்குக் கீழே மங்கல் போல ஏதோ இருந்தது. நான் குதித்தேன். அவர் தலையாட்டவில்லை.

"லென்ஸ்ல ஈரமா இருக்கலாம். ஒரு தடவை வந்தா அது கறை, சாயிரா. ரெண்டாவது தடவையும் அதே இடத்துல வந்தாத்தான் அது இருக்கு."

மறுநாள் ஒரு ஹவல்தார் வந்தான். துலுக்கன் ஒருத்தன் ராத்திரியில் தகரத்தைத் திறந்துவைத்து ஆகாயத்துக்கு சிக்னல் காட்டுகிறான் என்று யாரோ எழுதிப் போட்டிருந்தார்கள். வாப்பா கைகளைத் தொங்கப்போட்டு நின்றார். பக்கத்து வீட்டு இசக்கியம்மாள் சுவருக்கு அந்தப் பக்கத்திலிருந்து குரல் கொடுத்தாள்.

"ஏ ஹவல்தார் சாப்! அண்ணாச்சி ஊப்பர் தேக்தா ஹை. நீச்சே நை தேக்தா! மேல பாக்குறவரு ஒமக்கு என்னய்யா செஞ்சாரு? சிக்னல் குடுக்குற மூஞ்சியா அது?"

ஹவல்தாருக்கே சிரிப்பு வந்துவிட்டது. தூரதர்சினியில் நிலாவைப் பார்த்துவிட்டு, டீ குடித்துவிட்டுப் போனான்.

யுத்தம் முடிந்து விளக்குகள் திரும்பின. இரண்டாவது படத்துக்குத் தடையாக இருந்தது ஒரே ஒரு பல்பு. அதுவும் இசக்கியம்மாளுடையது.

அவள் புருஷன் வேலுச்சாமிக்கு மளிகைக் கடை. 1964இல் ஒருநாள் கடையில் ஆட்கள் நிற்கும்போதே மகன் சுயம்புவை அறைந்துவிட்டார். பத்தொன்பது வயதுப் பையன். பின்வாசல் வழியாகப் போனவன் வரவில்லை. ஒரு வருடம் கழித்து, துணி வியாபாரி சிராஜ் அவனைக் கல்யாண் ஸ்டேஷனில் பார்த்ததாகச் சொன்னார். இசக்கியம்மாள் அவர் மூலமாகவே சொல்லி அனுப்பினாள்: "பின்வாசல்ல லைட்டு எரியும். எரிஞ்சுதுன்னா நான் முழிச்சிருக்கேன்னு அர்த்தம். அப்பா கண்ணுல படாம உள்ள வந்துரு." வேலுச்சாமி இறந்த பிறகும் அந்த விளக்கு எரிந்தது. பொழுது சாய்ந்ததிலிருந்து விடியும்வரை. எங்கள் கொட்டகையிலிருந்து பதினைந்து அடி.

வாப்பா ஒரு வருடம் கேட்கவில்லை. பிறகு ஒருநாள் சுவரருகே போய் நின்று, தொண்டையைச் செருமினார்.

"தங்கச்சி, ஒரு மணி நேரம்…"

"லைட்டா? சொல்லுங்க அண்ணாச்சி, அணைச்சிட்டாப் போச்சு. ஒங்களுக்கு இல்லாததா. ஆனா முடிஞ்சதும் சொல்லிரணும். நான் பாட்டுக்குத் தூங்கிருவேன்."

அப்படித்தான் அந்த ஏற்பாடு வந்தது. படம் முடிந்ததும் ஸ்பானரால் தகரத்தில் மூன்று தட்டு. உடனே விளக்கு வரும். நிலா இல்லாமல், மேகம் இல்லாமல், புகை இல்லாமல் ஒரு மாலை அமைவது அபூர்வம். இரண்டு குளிர்காலத்தில் மொத்தம் பதினொரு நாள். பத்து நாள் படம் தேறவில்லை. பதினொன்றாவது, ஜனவரி 27.

அன்று எனக்கு மாலை டியூட்டி. கூரையைத் திறக்கக்கூட நான் இல்லை.

அதற்குப் பிறகு தினமும் எட்டு மணிக்குக் கொட்டகைக்குப் போனார். விளக்கை அணைக்கச் சொல்லவில்லை. நான் கேட்டபோது, "சாமானெல்லாம் சரிபாக்குறேன்" என்றார். ஃபிலிம் வேண்டுமா என்றேன். வேண்டாம் என்றார். சாப்பாடு குறைந்தது. வாசலில் யார் நடந்தாலும் திரும்பிப் பார்த்தார். கிங்ஸ் சர்க்கிளில் பஸ்ஸுக்கு நிற்கும்போது, முன்னால் போன ஒருவன் பின்னாலேயே நாலு கடை தூரம் போய்விட்டுத் திரும்பி வந்தார். தெரிந்தவர் மாதிரி இருந்தது என்றார்.

பிப்ரவரி 21 காலை, நான் இரவு டியூட்டி முடிந்து வந்தபோது கட்டில் விரித்தபடி இருந்தது. கொட்டகையில் இருந்தார். முக்காலியில் உட்கார்ந்து, சுவரில் சாய்ந்து. உடம்பு குளிர்ந்திருந்தது. மாரடைப்பு என்றார் டாக்டர். கூரை மூடியிருந்தது. கேமராவுக்கு உறை போட்டிருந்தது. படம் எடுக்காதவர் ஏன் சந்துப் பக்கம் பார்த்து உட்கார்ந்திருந்தார் என்று அன்று எனக்குக் கேட்கத் தோன்றவில்லை. ஜனாஸா வேலை இருந்தது.

இரண்டு வாரம் கழித்துக் கொட்டகையைத் துடைக்கப் போனேன். சந்துப் பக்கத் தகரத்தில், உட்கார்ந்தால் கண் உயரத்தில், ஒரு ஓட்டை. விரல் அகலம். புதிதாகத் துளைத்தது. விளிம்பை அரத்தால் ராவி மழுக்கியிருந்தார். அதில் கண்ணை வைத்தேன். இசக்கியம்மாளின் பின்வாசலும் விளக்கும் மட்டும் தெரிந்தன.

அவருடைய நோட்டை அப்போதுதான் எடுத்தேன். ஒவ்வொரு படத்துக்கும் நேரம், வானம், செய்ய வேண்டியது எல்லாம் எழுதுவார். செய்து முடித்ததற்கு எதிரே சிவப்புப் பென்சிலால் ஒரு கோடு.

ஜனவரி 27: "8.04 தொடக்கம். வானம் நன்று. 8.41 சந்தில் ஆள். டார்ச். இசக்கி வீட்டுப் பின்வாசலில் அடித்துப் பார்த்தான். நின்றான். பத்தி பந்த் கரோ, விளக்கை அணை என்று சத்தம் போட்டேன். டார்ச் என் பக்கம் திரும்பியது. அணைத்தான். மேற்கே போனான். உயரம் சுயம்பு போல. இடது தோள் தாழ்ந்த நடை. முகம் பார்க்கவில்லை. நட்சத்திரம் கம்பியை விட்டு விலகிக்கொண்டிருந்தது. கண்ணை வைத்தேன். 9.02 முடிவு. மூன்று தட்டு. விளக்கு வந்தது."

சுயம்புக்கு இடது தோள் கொஞ்சம் தாழ்ந்திருக்கும். எங்கள் தெருவில் எல்லோருக்கும் தெரியும்.

ஜனவரி 28: "மங்கல் அதே இடத்தில். உறுதி." அவ்வளவுதான். ஐந்து வருட வேலைக்கு நாலு வார்த்தை. அதற்குக் கீழே: "டார்ச் ஆள் ஒரு தடவைதான். சுயம்பு என்று சொல்ல முடியாது. மறுபடி வந்தால் சொல்லலாம்."

பிறகு பக்கம் பக்கமாக ஒரே மாதிரி. "சந்து. 8 முதல் 10. யாருமில்லை." "8 முதல் 10.30. பால்காரர். வேறு யாருமில்லை." "மூட்டம். சந்து. யாருமில்லை."

மங்கலை உறுதிசெய்கிற அதே கணக்கை அவனுக்கும் போட்டிருக்கிறார். மங்கல் அங்கேயே இருக்கும். எந்தக் குளிர்காலத்திலும் போய்ப் படமெடுக்கலாம்.

பிப்ரவரி 20, கடைசிப் பதிவு: "சந்து. 8 முதல் 11. யாருமில்லை. இரண்டாவது தடவைக்குக் காத்திருந்தது தப்பு. விளக்கு இல்லாததைப் பார்த்துத் திரும்பியிருப்பான். காலையில் இசக்கியம்மாளிடம் போய்ச் சொல்ல வேண்டும். சிராஜைப் பிடித்துக் கல்யாணில் விசாரிக்க வேண்டும்."

எதிரே சிவப்புக் கோடு இல்லை.

மார்ச் 31, நாற்பதாம் நாள் ஃபாத்திஹா. இசக்கியம்மாளுக்குத் தனியாகச் சைவச் சோறு ஆக்கி நானே கொண்டுபோனேன். சொல்லிவிடுவது என்றுதான் போனேன். அவள் பாத்திரத்தை வாங்கி வைத்துவிட்டு முந்தானையால் கண்ணைத் துடைத்தாள்.

"ஒங்க வாப்பாவுக்காக நான் லைட்ட அணைச்சது பதினோரு நாளு. எண்ணி வச்சிருக்கேன். மொதல்ல பயமாத்தான் இருந்துச்சு புள்ள, அந்த நேரம் பாத்து அவன் வந்துட்டா என்னன்னு. அப்புறம் நெனச்சேன், அண்ணாச்சிதான் முழிச்சு ஒக்காந்திருக்காரே. வந்தா அவரு பாத்துச் சொல்லாமலா இருப்பாருன்னு. அதுக்குப் பொறவு நிம்மதியா அணைச்சேன்."

நான் தண்ணீர் வாங்கிக் குடித்துவிட்டு வந்துவிட்டேன்.

ஒரு வாரம் ஆகிறது. விளக்கு எரிகிறது. அந்த ஓட்டை வழியாக நானும் இரண்டு நாள் பார்த்தேன். மூன்றாவது நாள், நான் என்ன செய்கிறேன் என்று எனக்கே புரிந்து எழுந்துவிட்டேன்.

இன்று ஏழரை மணிக்கு, நோட்டையும் ஃபிலிமையும் எடுத்துக்கொண்டு சந்து வழியாகப் போனேன். தட்டுவதற்கு முன்பே கதவு திறந்தது. வேகமாகத் திறந்தது. என்னைப் பார்த்ததும் அவள் முகம் ஒரு கணம் விழுந்து, பிறகு சரியானது.

"நீயா? வா சாயிரா. என்ன கையில? நீயும் அண்ணாச்சி மாதிரி படம் புடிக்கப் போறியா? லைட்ட அணைக்கணுமா?"

அவள் கை ஸ்விட்சுக்குப் போய்விட்டது.

"வேண்டாம் அத்தை" என்றேன். "எரியட்டும். உள்ள வரலாமா?"